அரச காணியை 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பது எப்படி? விண்ணப்பம் முதல் வர்த்தமானி வரை, அதற்குப் பின்னும்

இலங்கையில் வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில், காணி அறிவித்தல்களுக்கு நடுவே ஒரு சிறு அறிவித்தல் அடிக்கடி இடம்பெறும். "அரச காணி ஒழுங்குவிதி 21(2) இன் கீழான அறிவித்தல்" என்பது அதன் தலைப்பு. இன்னார் வர்த்தக நோக்கத்துக்காக அல்லது விவசாயத்துக்காக இன்ன கிராம அலுவலர் பிரிவில் இன்ன வரைபடத்தின் இன்ன துண்டைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார்; கீழ்க்காணும் நிபந்தனைகளில் அதை வழங்க எண்ணியிருக்கிறோம்; வழங்கக் கூடாது என்பதற்குத் தக்க காரணம் இருந்தால் 6 கிழமைக்குள் எழுத்தில் தாருங்கள். காணி ஆணையாளர் நாயகத்தின் சார்பில் வரும் அந்த அறிவித்தலின் சாரம் இவ்வளவுதான்.

பலர் இதை எல்லாம் முடிந்த பின் வரும் சடங்காக நினைக்கிறார்கள். நானோ, காணி கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் வாசிக்கச் சொல்வேன். அடுத்த 30 ஆண்டுகளும் நீங்கள் எப்படி அந்த நிலத்தில் இருக்கப் போகிறீர்கள் என்பது அந்தச் சில பத்திகளுக்குள் அடங்கியிருக்கிறது. அதை விளங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதுகிறவருக்கும், விண்ணப்பம் எழுதிவிட்டுக் கடைசியில் அதைப் பார்க்கிறவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முதலாவது படி: அந்தக் காணி யாருடையது?

"அது சும்மா கிடக்கிற அரச காணி" என்ற பேச்சை நம்பி விண்ணப்பம் எழுதாதீர்கள். நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசுடையது என்பது உண்மை. காடாகவோ தரிசாகவோ பயிரின்றியோ கிடக்கும் நிலம், மாறாக நிறுவப்படும் வரை அரசுடையது என்று கொள்ளும் வழக்கம் பிரித்தானியர் 1840 இல் கொண்டுவந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. ஆனால் "அரசு" என்பது ஒரே கதவு அல்ல.

பிரதேச செயலாளரின் பொறுப்பில் உள்ள காணிக்குத்தான் இந்த வழிகாட்டி பொருந்தும். அதற்கு அடிப்படை, 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம். மகாவலி வலயத்துக்குள் இருக்கும் காணியென்றால் 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மகாவலி அதிகார சபையிடம் போக வேண்டும். பழைய தோட்டக் காணியாக இருந்தால் 1972 இல் உருவான காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கையில் இருக்கக்கூடும். சந்தைக் கட்டடக் கடையோ பிரதேச சபையின் சொத்து. ஒவ்வொன்றுக்கும் படிவம் வேறு, நடைமுறையும் வேறு. பிழையான அலுவலகத்தில் ஓராண்டு அலைந்த பிறகு "இது எங்களுடையதல்ல" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு திரும்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு சிக்கல் உண்டு. போருக்கு முன்பு பயிர் செய்த நிலம், இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மண்டிக் காடானது. மக்கள் திரும்பி வந்தபோது அங்கே வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் நின்றது. தகப்பன் வெட்டிய கிணறு காட்டுக்குள் கிடப்பதைக் காட்டி அழுதவர்களின் முகம் எனக்கு மறக்காது. உங்கள் துண்டு அப்படிப்பட்டதென்றால் குத்தகை விண்ணப்பம் அதைத் தீர்க்காது. வனத் திணைக்களம் அதை விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பிரதேச செயலாளர் வழியாகத் தனியே தொடங்குங்கள்.

இவற்றோடு வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். கடலோரமாயின், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயம். குளத்தின் ஒதுக்கம், வாய்க்கால் கரை, வீதி ஒதுக்கம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். வயற்காணியில் கடை கட்ட நினைப்பவர்கள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தை மீறுகிறார்கள்; கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது.

இரண்டாவது படி: உங்களுக்கு வேண்டியது குத்தகைதானா?

ஒரு போகம் உழுந்தோ பயறோ போட மட்டும் நிலம் வேண்டுமானால் ஓராண்டு அனுமதிப்பத்திரம் போதும். அதைப் பிரதேச செயலகத்திலேயே பெறலாம். ஆண்டு தோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு தென்னை நடுவதோ கல்வீடு கட்டுவதோ கூடாது.

காணியற்ற குடும்பத்துக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் நிலம் தருவது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். ஊர்களில் "எல்.டி.ஓ. பெர்மிட்" என்பார்கள். அதில் பின்னுரித்தாளர் நியமனம், அதாவது உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்று பெயர் குறிப்பது, உண்டு. காலப்போக்கில் அது அளிப்பாக, அதாவது உரிமைப் பத்திரமாக, மாறவும் கூடும். பின்னுரித்தில் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை தந்துவந்த நெடுங்கால அநீதி 2022 இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீங்கியது. இந்தப் பெர்மிட்டுக்குத் தகுதி உள்ள ஒரு குடும்பம், விவரம் தெரியாமல் சந்தைப் பெறுமதிக்கு வாடகை கட்டும் நீண்டகாலக் குத்தகைக்கு விண்ணப்பிப்பது தன் தலையில் தானே சுமை ஏற்றுவதாகும். முதலில் காணிக்கிளையில் கேளுங்கள்.

அரிசி ஆலை, உழவு இயந்திரம் திருத்தும் பட்டறை, மரக்கறி சேகரிக்கும் நிலையம், ஐந்தாறு ஏக்கரில் மாந்தோப்பு என நிலையான முதலீடு செய்யப் போகிறவர்களுக்கே 30 ஆண்டுக் குத்தகை.

மூன்றாவது படி: விண்ணப்பமும் அதன் பயணமும்

விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் காணிக்கிளையில் தொடங்குகிறது. கிராம அலுவலரின் அறிக்கை, காணி உத்தியோகத்தரின் களப்பார்வை, வனம், வனசீவராசிகள், தொல்பொருள், நீர்ப்பாசனம் போன்ற தொடர்புடைய திணைக்களங்களின் கருத்து ஆகியவை சேர்ந்து உங்கள் கோவை (ஃபைல்) தடிக்கும். பிறகு மாகாணக் காணி ஆணையாளர், அதற்குப் பின் பத்தரமுல்லை காணிச் செயலகத்தில் உள்ள காணி ஆணையாளர் நாயகம், இறுதியில் அமைச்சரின் அங்கீகாரம். 1987 இன் 13ஆம் திருத்தம் காணியை மாகாணத்துக்குரிய விடயமாகக் காட்டினாலும், அரச காணி மீதான அதிகாரம் மத்திக்கே உரியது என்று உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. கிளிநொச்சியில் உள்ள ஒரு துண்டுக்கான கோவை பத்தரமுல்லை வரை போகிறதே என்று வியப்பவர்களுக்கான விடை இதுதான்.

விண்ணப்பத்தில் நோக்கத்தைப் பொதுப்படையாக எழுதாதீர்கள். "வர்த்தகம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் என்ன தொழில், எத்தனை பேருக்கு வேலை, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகும், முதல் ஆண்டில் என்ன கட்டுவீர்கள், பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். களப்பார்வைக்கு வரும் உத்தியோகத்தர் தம் அறிக்கைக்கு அந்த இரண்டு பக்கத்தையே பார்த்து எழுதுவார்.

தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. ஆனாலும் கோவைக்குள் சிங்களத்தில் எழுதப்பட்ட தாள்கள் சேரும். அவற்றின் பிரதி கிடைத்தால், தெரிந்த ஒருவரைக் கொண்டு வரைபட இலக்கம், துண்டு இலக்கம், பரப்பளவு மூன்றையும் சரிபாருங்கள். மாதக்கணக்கில் அசைவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் உங்கள் கோரிக்கை மீது முடிவு தர வேண்டும். யாரையும் கெஞ்சவோ யாருக்கும் எதுவும் கொடுக்கவோ வேண்டியதில்லை.

நான்காவது படி: அளவை. இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள்

வர்த்தமானி அறிவித்தலில் நான்கு எல்லைகளும் எழுதப்படும். வடக்கே இன்ன துண்டு, கிழக்கே வீதி, தெற்கே இன்னாரின் காணி என்று. அந்த வரிகள் நில அளவையாளர் வந்து அளக்கும் நாளில் பிறக்கின்றன. அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

என் உறவினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டறை போட 40 பேர்ச்சஸ் கேட்டிருந்தார். யாழ்ப்பாணக் கணக்கில் 4 பரப்பு. வரைபடத்தில் அது 0.1012 ஹெக்டயர் என்று வரும். மேற்கு எல்லையில் ஒரு கிளுவை வேலி. அதற்கு அப்பால் மாட்டுவண்டி போன பழைய ஒழுங்கை. அளந்த நாளில் அவர் கொழும்பில் இருந்தார். வேலிக்கு இப்பால் வர வேண்டிய கோடு வேலிக்கு அப்பால் விழுந்து, ஒழுங்கையில் ஓர் ஓரம் அவருடைய துண்டுக்குள் வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அறிவித்தல் வெளியாகி ஐந்தாம் கிழமையில், அந்த ஒழுங்கையால் வயலுக்குப் போகிற முதியவர் ஒருவர் மறுப்புக் கடிதம் கொடுத்தார். கொடுத்தது நியாயம். கோவை திரும்ப அளவைக்குப் போய், திருத்திய வரைபடம் வர எட்டு மாதம் ஆயிற்று. காலையில் இரண்டு மணிநேரம் வேலியோரம் நின்று அந்த முதியவரையும் கூப்பிட்டு எல்லையைக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

எனவே அளவை நாளுக்கு முந்திய மாலை, நான்கு பக்கத்து ஆட்களையும் வீடு தேடிப் போய் அழையுங்கள். அவர்கள் நடக்கும் பாதை, மாடு தண்ணீர் குடிக்கும் துரவு, மழைவெள்ளம் ஓடும் வழி எல்லாம் வரைபடத்துக்கு வெளியே நிற்கட்டும்.

ஐந்தாவது படி: பணக் கணக்கு

அறிவித்தல்களில் இப்போது வழக்கமாகக் காணும் விதி இது. குத்தகை தொடங்கும் ஆண்டில் பிரதான மதிப்பீட்டாளர் காணிக்கு இடும் சந்தைப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின், ஆண்டுக் குத்தகை அதில் 2 வீதம். 50 இலட்சத்துக்கு மேலாயின் 4 வீதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, முந்திய ஐந்தாண்டின் கடைசி ஆண்டில் கட்டிய தொகையோடு அதில் 20 வீதம் சேர்க்கப்படும். இதற்கு மேல் பிரீமியம் என்ற ஒருமுறைக் கட்டணம் உண்டு. சில அறிவித்தல்களில் அது அறவிடப்படுவதில்லை என்றும், சிலவற்றில் ஆண்டுக் குத்தகையின் மும்மடங்கு என்றும் இருக்கும். உங்கள் கடிதத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே கடன் திட்டம் போடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெறுமதி 40 இலட்சம். முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபா. அடுத்த ஐந்தாண்டு 96,000. பிறகு 1,15,200. பிறகு 1,38,240. அதன் பின் 1,65,888. கடைசி ஐந்தாண்டில் 1,99,065 ரூபா 60 சதம். முப்பது ஆண்டுக்கும் கூட்டினால் 39,71,968 ரூபா. அதாவது காணியின் தொடக்கப் பெறுமதி ஏறத்தாழ அத்தனையையும் வாடகையாகவே கட்டி முடிக்கிறீர்கள். கடைசியில் நிலம் உங்களுடையதாகாது. பண வீக்கத்தைக் கருதினால் இது மோசமான பேரம் அல்ல. ஆனால் இதைத் தெரிந்து இறங்க வேண்டும். கடைசி ஆண்டுகளின் வாடகை முதலாண்டினதைப் போல இரண்டரை மடங்கு. அப்போது உங்களுக்கு வயது என்ன, தொழில் யார் கையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

50 இலட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். 49 இலட்சம் பெறுமதியான காணிக்கு ஆண்டு வாடகை 98,000. 51 இலட்சத்துக்கு 2,04,000. பெறுமதியில் இரண்டு இலட்சம் கூடியதற்கு வாடகை இரட்டிப்பாகிறது. பிரதான வீதியோரக் காணிகளில் இது நடக்கக்கூடும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு பேர்ச்சஸ் கூடக் கேட்காதீர்கள். 60 பேர்ச்சஸ் கேட்டு 4 வீதத்தில் மாட்டுவதைவிட, தொழிலுக்குப் போதுமான 40ஐக் கேட்டு 2 வீதத்தில் நிற்பது அறிவு. பின்னால் விரிவாக்க நிலம் கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் வெறுமனே கிடக்கும் நிலத்துக்கு முப்பது ஆண்டு வாடகை கட்டிய பலரை அந்த அச்சந்தான் விழுத்தியது.

ஆறாவது படி: நிபந்தனைகள்

குத்தகை தொடங்கி ஓராண்டுக்குள், பிரதேச செயலாளர் மனநிறைவடையும் வகையில் காணியை அபிவிருத்தி செய்ய வேண்டும். வர்த்தகக் காணிக்கு இது அத்திவாரம், மதில், மின்சாரம். விவசாயக் காணியாயின் பருவத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு கிழக்கில் மழை ஐப்பசி முதல் தை வரை. மாசியில் குத்தகை தொடங்கினால் வேலி, கிணறு, குழி வெட்டுதல் எல்லாவற்றையும் கோடைக்குள் முடித்து ஐப்பசி மழைக்குக் கன்று நடலாம். மார்கழியில் தொடங்கினால் அந்த மழை உங்களுக்கு உதவாது. அடுத்த மழைக்குள் பிழைபடாமல் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வேலைகளை மாதத்துக்கு ஒருமுறை திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பரிசோதனைக்கு யாரும் வராவிட்டாலும், ஓராண்டு முடிவில் நீங்களே ஒரு கடிதத்தோடு அந்தப் படங்களைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

கேட்ட நோக்கத்துக்கு மட்டுமே காணியைப் பயன்படுத்தலாம். மாந்தோப்புக்கு வாங்கியதன் முன்பக்கத்தில் தேநீர்க் கடை போடுவது சிறிய விடயமாகத் தோன்றும். எழுத்தில் அது நிபந்தனை மீறல். கட்டடங்களைப் பழுதின்றிப் பேண வேண்டும். முதல் ஐந்தாண்டுக்குள், குத்தகையின் நோக்கத்தை நிறைவேற்றுவதற்காக அல்லாமல், உள்குத்தகைக்குக் கொடுக்கவோ கைமாற்றவோ அனுமதி கிடைக்காது. ஒருவர் பெயரில் எடுத்து இன்னொருவர் முதல் போடும் ஏற்பாடுகள் இந்த வரியில்தான் முறியும். வெளிநாட்டில் உள்ள தம்பியின் காசில் இங்குள்ள அண்ணன் பெயரில் குத்தகை எடுக்கும் குடும்பங்களைப் பார்த்துச் சொல்கிறேன்: சட்டத்தின் கண்ணில் குத்தகைக்காரர் அண்ணன் மட்டுமே.

எல்லாவற்றிலும் கடுமையானது கடைசி நிபந்தனை. குத்தகைப் பணத்தை ஒழுங்காகக் கட்டத் தவறினால் ஒப்பந்தம் தானாகவே இரத்தாகும். வழக்குப் போட்டு இரத்துச் செய்ய வேண்டும் என்றில்லை.

ஏழாவது படி: அந்த 6 கிழமைகள்

இது விண்ணப்பித்தவருக்கு மட்டுமான காலம் அல்ல, ஊருக்கும் உரிய காலம். உங்கள் ஊரின் மேய்ச்சல் தரையோ சுடலையோ குளக்கரையோ யாரோ ஒருவருக்குக் குத்தகைக்குப் போகப் போகிறது என்றால் நீங்கள் அதை அறியக்கூடிய இடம் இந்த அறிவித்தல். மேய்ச்சல் தரை கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை 2023 இல் போராட்டம் தொடங்கிய மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் ஒருவர் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். மறுப்பை எழுதும்போது வரைபட இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் குறித்து, அந்த நிலம் எத்தனை காலமாக எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சாட்சிகளோடு எழுதி, பதிவுத் தபாலில் காணி ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்புங்கள். "எங்களுக்கு விருப்பமில்லை" என்பது காரணமாகாது.

மறுப்பு எதுவும் இல்லையேல் குத்தகைப் பத்திரம் தயாராகும். கையொப்பமிடுவதற்கு முன் பத்திரத்தின் அட்டவணையை வர்த்தமானியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். பிறகு காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

குத்தகைக் காலம் முழுவதும்

அரச காணியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆட்சியுரிமை பிறக்காது. தனியார் காணியில் பத்தாண்டு இருந்தால் உரிமை பிறக்கும் என்ற கணக்கு அரசுக்கு எதிராகச் செல்லாது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்து, விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே உங்கள் முதலீட்டையும் உழைப்பையும் பற்றிப் பேச இடமில்லை. நீதவான் கேட்பது ஒன்றே: சட்டப்படி வழங்கப்பட்டு இன்றும் வலுவில் உள்ள அனுமதிப்பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ உங்களிடம் இருக்கிறதா?

ஆண்டுப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள் அந்தக் கேள்விக்கான விடையின் பாதி. அவற்றை வெய்யிலும் கறையானும் படாத தகரப் பெட்டியில், ஒளிப்படப் பிரதிகளோடு, வீட்டில் இருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஐந்தாண்டு முடிந்து 20 வீதம் கூடும் ஆண்டில் பழைய தொகையையே கட்டிவிட்டு வருகிறவர்கள் அதிகம். அந்த நிலுவை சத்தமில்லாமல் வளரும். தொகை மாறும் ஐந்து திகதிகளையும் பத்திரத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பணம் கட்டும் ஒவ்வொரு முறையும், பற்றுச்சீட்டில் உங்கள் பெயரும் வரைபட இலக்கமும் எந்த ஆண்டுக்கான பணம் என்பதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்பே கருமபீடத்தை விட்டு நகருங்கள்.